வேளச்சேரி போர் தண்ணீருக்கு எந்த வாட்டர் ஹீட்டர்? வால்வு சொட்டினால் அடைக்கலாமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட், வருவது போர்வெல் தண்ணீர். நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய 15 லிட்டர் ஸ்டீல் டேங்க் ஹீட்டர் ஓட்டையாகிவிட்டது. கணவன், மனைவி, ஒரு சிறு பையன், வயதான அம்மா என்று வீட்டில் நான்கு பேர். கடைக்காரர் 25 லிட்டர் ஃபைவ் ஸ்டார் எடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போதும் என்கிறார். பொருத்த வரப்போகும் பிளம்பர், "அந்த வால்வு சொட்டிக்கிட்டே இருக்கும் சார், அடைச்சுடலாம்" என்கிறார். எந்தக் கம்பெனி நல்லது என்பது அவர் கேள்வியின் கடைசி வரி. ஆனால் படித்துப் பார்த்தால் அவர் மனதில் உள்ள கேள்வி வேறு என்று தோன்றுகிறது. பழையது ஏன் நான்கே வருடத்தில் போனது, புதியதும் அப்படியே போகுமா, அம்மாவும் பையனும் பயமில்லாமல் குளிக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் கம்பெனிப் பெயரில் பதில் கிடையாது.

நான் ஐடிஐ படித்தவன், வயர்மேன் லைசென்ஸ் வைத்திருப்பவன். கோவையில் 19 வருடமாக வீட்டு வயரிங்கும் ஹீட்டர் சர்வீஸும் பார்க்கிறேன். மின்சாரம் பற்றிக் கீழே சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர், துரு பற்றிச் சொல்வதில் பாதி படித்தது, பாதி கழற்றிப் பார்த்துக் கற்றது. உங்கள் ஹீட்டரை நான் பார்க்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் அந்த வால்வு, அதாவது ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் அதிக அழுத்தத்தை வெளியே விடும் வால்வு. அடைக்காதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நம் பாட்டி வீடுகளில் விறகு போட்டு எரிக்கும் செம்பு பாய்லர் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்துக் குழாயில் ஒரு செம்பு வெந்நீர் கொட்டும். எவ்வளவு கொதித்தாலும் அது வெடித்ததில்லை, ஏனென்றால் அது வாய் திறந்த பாத்திரம். இப்போது சுவரில் மாட்டுவது எல்லாப் பக்கமும் மூடிய பாத்திரம். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போகும்போது சுமார் 170 மில்லி கூடும். அதாவது ஒரு டம்ளர். உள்ளே வரும் குழாயில் தண்ணீர் பின்னால் போகாதபடி தடுக்கும் அமைப்பு அதே வால்வுக்குள் இருப்பதால், அந்த ஒரு டம்ளருக்கு வேறு போக்கிடம் இல்லை. அதுதான் சொட்டுகிறது. ஹீட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

ஹீட்டரை அணைத்த பிறகும், இரவு முழுவதும் சொட்டினால் அது வேறு கதை. ஒன்று, உங்கள் அபார்ட்மென்டில் பிரஷர் பம்ப் வைத்து அழுத்தம் அதிகமாக வருகிறது. அல்லது, வால்வின் உள்ளே சுண்ணாம்பு அடைந்து சரியாக மூடவில்லை. இரண்டாவதாக இருந்தால் வால்வை மாற்ற வேண்டும். அதன் விலை ஹீட்டர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சொட்டும் முனையில் ஒரு சிறு டியூப் மாட்டி தரைச் சல்லடை வரை இறக்கிவிட்டால் சுவரும் நனையாது, தொல்லையும் தெரியாது. பிளம்பருக்கு இது பத்து நிமிட வேலை.

அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் சிக்கல். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்யும்வரை அழுத்தம் மட்டும் தினமும் ஏறி இறங்கி டேங்கின் வெல்டிங்கைத் தளர்த்தும். தெர்மோஸ்டாட் பழுதானால், சூடு எல்லை மீறியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் காப்பாற்றும். அதுவும் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். டேங்க் பிளந்த கணம் அதில் ஒரு பகுதி ஒரேயடியாக ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். சுவரோடு ஹீட்டர் பிய்ந்துவரும் விபத்துகளின் காரணம் இதுதான். பல மாடல்களில் உருகும் பிளக் ஒன்று கடைசிக் காவலாக இருக்கும். ஆனால் கடைசிக் காவலை நம்பி முதல் காவலை எடுக்கக் கூடாது. பிளம்பர்களைக் குறை சொல்லவில்லை. சொட்டுகிறது என்று நான்கு முறை போன் வந்தால் யாருக்கும் அடைத்துவிடத்தான் தோன்றும்.

அடுத்து, பழையது ஏன் ஓட்டையானது. இங்கே உறுதியும் ஊகமும் கலந்து இருக்கிறது, பிரித்துச் சொல்கிறேன். போர் தண்ணீரில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் உண்டு, எல்லோரும் இரண்டையும் சேர்த்து "உப்புத் தண்ணி" என்று சொல்லிவிடுகிறோம். ஒன்று கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பு. தண்ணீர் சூடாக ஆக அது வெளியேறி காயிலின் மேல் வெள்ளையாகப் படியும். பெரும்பாலான உப்புகள் சூடு ஏறினால் நன்றாகக் கரையும், கால்சியம் கார்பனேட் தலைகீழ். படிந்த சுண்ணாம்பு போர்வை மாதிரி காயிலை மூடிக்கொள்ள, காயில் உள்ளுக்குள் அதிகமாகச் சூடாகி ஒருநாள் வெடிப்பு விடும். இரண்டாவது குளோரைடு, நிஜமான உப்பு. இது காயிலோடு நிற்காது, டேங்கையே தாக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். குளோரைடு அதிகமுள்ள வெந்நீரில் அது ஊசி குத்தியதுபோல் ஒரே புள்ளியில் அரிக்கும், பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில். இது உலோகவியலில் நன்கு தெரிந்த விஷயம். உங்கள் ஸ்டீல் டேங்க் போனதும் இதனால்தானா என்பது என் ஊகம் மட்டுமே. அழுத்தத்தாலும் வெல்டிங் விட்டிருக்கலாம். பழைய வால்வையும் யாராவது அடைத்திருந்தார்களா என்று பாருங்கள்.

கோவையில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். சிறுவாணித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் பத்து வருடம் ஓடிய ஹீட்டரைத் திறந்தால் காயில் கிட்டத்தட்ட புதுசு மாதிரி இருக்கும். அதே தெருவில் போர் தண்ணீர் ஏற்றும் வீட்டில் அதே கம்பெனி ஹீட்டரில் இரண்டு வருடத்தில் கைப்பிடி கைப்பிடியாகச் சுண்ணாம்பு அள்ளியிருக்கிறேன். அதனால்தான் "எந்தக் கம்பெனி" என்று கேட்பவரிடம் "என்ன தண்ணீர்" என்று திருப்பிக் கேட்கிறேன்.

ஆகவே கடைக்குப் போகும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் செய்து தருவார்கள். தனியார் ஆய்வகங்களும் உண்டு. கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதாது, ஏனென்றால் அது மொத்தமாகக் கரைந்திருப்பதைத்தான் காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பிரிக்காது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், குளோரைடு 250 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் முறையே 600, 1,000 வரை. அந்த அளவுகள் குடிப்பதற்காக வைத்தவை, ஹீட்டருக்காக அல்ல. இருந்தாலும் ஒரு மட்டக்கோல் மாதிரி உதவும். குளோரைடு 250-ஐத் தாண்டினால் சாதாரண ஸ்டீல் டேங்க் பக்கமே நான் போகமாட்டேன்.

அப்படியானால் எது? கிளாஸ் லைன்டு டேங்க். இரும்பு டேங்கின் உள்ளே கண்ணாடிப் பூச்சை உலையில் சுட்டு ஒட்டியிருப்பார்கள். பூச்சில் எங்கேயாவது மயிரிழை விரிசல் இருந்தால் அங்கே துருப்பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும், ஆனோடு என்பார்கள். இரும்புக்குப் பதில் அது கரையும், வீட்டுக்கு வரும் கடன்காரனுக்குத் தானே பதில் சொல்லும் மூத்த அண்ணன் மாதிரி. அது முழுக்கக் கரைந்துவிட்டால் அடுத்து டேங்க்தான். போர் தண்ணீர் என்றால் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆனோடு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. டேங்குக்கு இத்தனை வருட வாரண்டி என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். தண்ணீரின் கடினத்தன்மை, ஆனோடு மாற்றியதற்கான ரசீது என்று நிபந்தனைகள் பல வாரண்டி அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும். பணம் கட்டும் முன்பே அட்டையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காயில் செம்பில் இல்லாமல் இன்கலாய் என்ற நிக்கல் கலந்த உலோகத்திலோ கண்ணாடிப் பூச்சோடோ இருந்தால் உங்கள் தண்ணீருக்கு நல்லது. புது ஹீட்டர் வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வந்தால் பதற வேண்டாம். சில போர் தண்ணீரில் உள்ள பாக்டீரியாவும் மெக்னீசியமும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆனோடை அலுமினியக் கலவையில் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

அபார்ட்மென்டில் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் இருப்பதாகச் சொன்னால், அது பாதிப் பிரச்சினைக்குத்தான் தீர்வு. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். சுண்ணாம்பு படிவது குறையும். குளோரைடு அப்படியே இருக்கும், ஆனோடு முன்பைவிட வேகமாகக் கரையவும் கூடும். குழாயில் கட்டும் காந்தக் கருவிகளை வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. கட்டிய வீடுகளிலும் நான் சுண்ணாம்பு அள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி 15-ஆ, 25-ஆ, இன்ஸ்டன்டா என்பதற்கு வருவோம். இதற்குக் கணக்கே போதும். மேல்தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வையுங்கள். ஹீட்டரை 55 டிகிரியில் வைத்தால், 15 லிட்டர் வெந்நீரில் 15 லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவி 40 டிகிரியில் 30 லிட்டர் குளிக்கும் தண்ணீர் கிடைக்கும். அதாவது ஒன்றரை பக்கெட். எடுக்க எடுக்க உள்ளே பச்சைத் தண்ணீர் கலப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். 2,000 வாட் காயில் அதை மறுபடி சூடாக்க சுமார் 16 நிமிடம், செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். 25 லிட்டர் என்றால் 26 நிமிடம், முக்கால் யூனிட்டைத் தாண்டும். பக்கெட்டில் விளாவிக் குளிக்கும் வீட்டில், ஒருவர் குளித்துத் துவட்டி வெளியே வருவதற்குள் அடுத்தவருக்குத் தயார். 15 போதும். இரண்டு பேர் அடுத்தடுத்து ஷவரில் நின்று குளிப்பார்கள், பள்ளி, ஆபீஸ் அவசரம் என்றால் மட்டும் 25. எடுக்காமல் விட்ட வெந்நீர் சும்மா ஆறும், அந்த மின்சாரமும் போச்சு.

ஃபைவ் ஸ்டார் பற்றி ஒரு வார்த்தை. ஹீட்டரின் நட்சத்திரம் அது எவ்வளவு வேகமாகச் சூடாக்குகிறது என்பதற்கு இல்லை. சூடான தண்ணீர் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தால் எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதை வைத்துத் தருவது. நாள் முழுக்க ஆன் செய்து வைக்கும் வீட்டில் அது பணம். காலையில் கால்மணி நேரம் போட்டு அணைக்கும் வீட்டில் ஃபோர் ஸ்டாருக்கும் ஃபைவ் ஸ்டாருக்கும் பில்லில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஸ்டார் எத்தனையாக இருந்தாலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்; சேமிப்பு வகைக்கு ஐஎஸ் 2082, இன்ஸ்டன்டுக்கு ஐஎஸ் 8978.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இன்ஸ்டன்டும் கணக்குப்படி சரிதான். 3,000 வாட்டில் நிமிடத்துக்கு 3 லிட்டர் விட்டால் 14 டிகிரி ஏறும், 25-லிருந்து 39. சென்னைக்கு அது போதும், 20 லிட்டர் பக்கெட் ஏழு நிமிடத்தில் நிறையும். ஊட்டியில் அதே ஹீட்டர் கையைக் கழுவத்தான் ஆகும். ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன், காரணம் வேறு. இன்ஸ்டன்டில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது மின்சாரமும் ஓடிக்கொண்டிருக்கும். சேமிப்பு ஹீட்டரில் போட்டு, சூடானதும் வெளியே சுவிட்சை அணைத்துவிட்டு அம்மாவைக் குளிக்கச் சொல்லலாம். அந்தக் காலத்து ஆட்கள் பயந்து செய்த பழக்கம் என்று சிரிப்பார்கள். எர்த் சரியில்லாத வீடுகளை இத்தனை பார்த்தபின் நான் சிரிப்பதில்லை.

அந்த எர்த்தைப் பார்ப்பதுதான் பொருத்தும் வேலையில் பாதி. 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3,000 என்றால் 13. அதற்கென்று தனி 16 ஆம்ப் பாயின்ட், 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், கரண்ட் அதிகமானால் தானே விழும் எம்சிபி தனியாக ஒன்று, பாத்ரூமுக்கு வெளியே இண்டிகேட்டரோடு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 20 ஆம்ப் டிபி சுவிட்ச். இதில் ஒன்றையும் குறைக்காதீர்கள். எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள், மூன்றாவது பின்னில் ஏதோ ஒரு பச்சை வயர் வருகிறது என்று பார்த்தால் போதாது. எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு நியூட்ரலையே எர்த் பின்னுக்கு லூப் போட்ட பாத்ரூம்களை நானே பிரித்துச் சரி செய்திருக்கிறேன். எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால் குழாய், ஷவர் எல்லாமே ஷாக் அடிக்கும். அதோடு மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. ஒரு ஆளைக் கொல்லும் கசிவு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. "ஹீட்டர் போட்டாலே ட்ரிப் ஆகுது, அதனால ஆர்சிசிபியை எடுத்துட்டோம்" என்று சொல்லும் வீடுகள் உண்டு. காயில் தண்ணீருக்குள் கசிகிறது என்று அது கத்தியிருக்கிறது, வாயைப் பொத்திவிட்டார்கள். பிளாஸ்டிக் பாடி, ஷாக் அடிக்காது என்ற விளம்பரத்தையும் நம்பவேண்டாம். நீங்கள் தொடுவது பாடியை அல்ல, தண்ணீரை.

மாட்டும் இடம்: தண்ணீரோடு 15 லிட்டர் ஹீட்டர் ஏறக்குறைய 25 கிலோ. ஹாலோ பிளாக்கோ லேசான ஏஏசி கல்லோ என்றால் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது, அதற்கென்று வேறு ஃபாஸ்டனர் உண்டு அல்லது போல்ட்டைச் சுவர் தாண்டி எடுக்க வேண்டும். கீழே ஒரு முழம் இடம் விடுங்கள், காயிலும் ஆனோடும் அந்த வழியாகத்தான் வெளியே வரும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஒளித்து வைத்தால் அழகு. சொட்டுவது தெரியாது, சர்வீஸ் செய்ய வருபவன் சபிப்பான். வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். வெள்ளை பிவிசி சூட்டில் தளர்ந்துவிடும். உள்ளே வரும் வழியில் தண்ணீரை மூடித் திறக்க ஒரு ஆங்கிள் காக் வையுங்கள், ஆனால் வால்வுக்கும் டேங்குக்கும் நடுவே மூடித் திறக்கும் எதையும் வைக்க வேண்டாம்.

மாட்டியதும் சுவிட்சைப் போட அவசரப்படாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்று முழுக்க வெளியேறி, தண்ணீர் சீராகக் கொட்டும்வரை பொறுங்கள். தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு வீட்டில் காலி டேங்கில் சுவிட்சைப் போட்டுவிட்டேன். மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. பிரித்த பெட்டியைக் குப்பையில் போடும் முன் காயில் போனது. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

சூட்டை எங்கே வைப்பது என்பதில் மட்டும் இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. சுண்ணாம்பு குறைய 50-லிருந்து 55 நல்லது. பையனுக்கும் அதுவே பாதுகாப்பு, 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும். ஆனால் வெதுவெதுப்பாக நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரலாம் என்பதால் வெந்நீரை 60-க்கு மேல் சேமிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் டேங்க் காலியாகும் நான்கு பேர் வீட்டில் 55 போதும் என்பது என் அபிப்பிராயம். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினால் ஒருமுறை 60-க்கு மேல் ஏற்றி, யாரும் குளிக்காமல் அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நுரையீரல் தொந்தரவோ எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்தோ இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

சோலார் பற்றியும் ஒருவர் கீழே கேட்டிருந்தார். தனி வீடென்றால் நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஃபிளாட்டில் மொட்டைமாடி உங்களுடையது இல்லை, மூன்று மாடி குழாய் இறங்குவதற்குள் முதல் பக்கெட் ஆறிப்போயிருக்கும். கேஸ் கீசரை மூடிய பாத்ரூமுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, மயங்குவது தெரியாமலே மயங்குவார்கள்.

ஆக உங்களுக்கு நான் சொல்வது: 15 லிட்டர், 2,000 வாட், கிளாஸ் லைன்டு, உங்கள் பகுதியில் ஒழுங்காக ஆள் அனுப்பி ஆனோடு மாற்றித் தரும் எந்தக் கம்பெனியானாலும் சரி. பழையதைக் காயலான் கடைக்குப் போடும் முன், ஓட்டை எந்த இடத்தில் என்று ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை ஓட்டையா, நீளமாகப் பிளந்திருக்கிறதா என்று பார்த்தால், உப்பா அழுத்தமா என்பதை இதைவிடக் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடியும்.